பூத் சிலிப்பின் கடைசி வரி

786
மேற்குத் தாம்பரம்
11.6.2006

அன்புத் தம்பி அக்தருக்கு அக்கா ஷாயிஸ்தா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நான், உன் மச்சான், பிள்ளைகள் எல்லாரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். தம்மாம் வெயிலில் உனக்கு மூக்கில் ரத்தம் வருமே, அது நின்றதா? மோர் குடி. பாட்டிலில் விற்கிற கலர்த் தண்ணீரைக் குடிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷ வெள்ளத்தில் நம் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர் நின்றது உனக்குத் தெரியும். கவுன்சிலர் தண்ணீர் இருந்தவரை வரவில்லை. வடிந்த பிறகு போஸ்டரில் வந்தார். இந்த வருஷம் நகராட்சித் தேர்தல் வருகிறது. நம் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கப்போவதாகப் பேச்சு. நான் சுயேச்சையாக நிற்கப்போகிறேன். பக்கத்து வார்டில் மெட்டில்டா டீச்சர் நிற்கிறார். எங்களுக்குக் கட்சி இல்லை, கொடி இல்லை. வெள்ளத்தில் சேர்ந்து சோறு பொங்கிய பெண்கள்தான் இருக்கிறார்கள். இரண்டு வார்டுக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர், ஒரே பிரிண்டர் என்று முடிவு செய்திருக்கிறோம். டீச்சர் வீட்டு முன்ஹாலில் இருக்கிறது. டீச்சரின் கணவர் லாசரஸ் சார் அதைப் பார்த்துக்கொள்கிறார்.

நீ உங்கள் குடோன் ஆபீஸில் ஸ்டாக் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதினாயே, அதைப் போல எங்களுக்கு ஒன்று வேண்டும். வாக்காளர் பட்டியல் அதில் இருக்க வேண்டும். யார் எந்தத் தெருவுக்குப் போனார்கள் என்று தெரிய வேண்டும். முக்கியமாக பூத் சிலிப் அடிக்க வேண்டும். பெயர், வரிசை எண், எந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டு என்று எழுதி வீட்டுக்கு வீடு கொடுப்பார்களே, அந்தச் சீட்டு. கட்சிக்காரர்களுக்கு எழுத ஆள் இருக்கிறது. நாங்கள் கையால் எழுதினால் அடுத்த தேர்தல் வந்துவிடும்.

போனில் சொல்லலாம் என்றால் கார்டு மூன்று நிமிஷத்தில் தீர்கிறது. மூன்று நிமிஷத்தில் ஒரு சண்டையைக்கூட முடிக்க முடியாது. பிரவுசிங் சென்டரில் எனக்குத் தமிழ் அடிக்க வரவில்லை. அதோடு பின்னால் நிற்கிறவன் படிக்கிறான். அதனால் கடிதம்தான்.

உன் மச்சானிடம் சொன்னேன். "ம்" என்றார். கடைக்குப் போய்விட்டார்.

உன் உடம்புக்காகத் துஆ செய்யும்
அக்கா

*

786
தம்மாம்
2.7.2006

பாசமுள்ள அக்காவுக்குத் தம்பி அக்தர் எழுதிக்கொண்டது. வஅலைக்கும் ஸலாம். நான் சுகம். மூக்கு சரியாகிவிட்டது. மோர் இங்கே டப்பாவில் கிடைக்கிறது, குடிக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அறையில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தேன். "எங்க அக்கா கவுன்சிலர்" என்றே சொல்லிவிட்டேன். டியூட்டி முடிந்ததும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார மேனேஜர் அனுமதி கொடுத்திருக்கிறார். வேலையைத் தொடங்கிவிட்டேன்.

இதில் முக்கியமான விஷயம் பொது என்பதுதான், அக்கா. இரண்டு வார்டும் ஒரே பட்டியலைப் பயன்படுத்தும். நீங்கள் ஒரு தப்பைத் திருத்தினால் டீச்சருக்கும் திருந்தியிருக்கும். அவர்கள் ஒரு வசதி சேர்த்தால் உங்களுக்கும் கிடைக்கும். கட்சிகளுக்கு ஆள்பலம் இருக்கிறது. நமக்கு இந்தச் சேர்ந்து வேலை செய்வதுதான் பலம். நன்றாக வந்தால் பல்லாவரம், குரோம்பேட்டையில் நிற்கிற சுயேச்சைகளுக்கும் சும்மாவே கொடுக்கலாம்.

என் அறையில் இருக்கும் பொத்தேரிக்காரர் லீவில் வருகிறார். அவரிடம் சி.டி. கொடுத்தனுப்புகிறேன்.

மச்சானுடைய "ம்" பல வகை. இது எந்த வகை என்று எழுதவில்லையே. மச்சான் கூட வருகிறாரா? பிள்ளைகளுக்கு என் முத்தம்.

தம்பி அக்தர்

*

786
மேற்குத் தாம்பரம்
27.7.2006

தம்பி அக்தருக்கு அக்காவின் ஸலாம். சுகம். சின்னவளுக்குக் காய்ச்சல் வந்து போனது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

சி.டி. வந்தது. போட்டால் பெயரெல்லாம் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. வார்டு முழுக்கச் சதுரங்கள் ஓட்டுப் போடப்போகிறார்களா என்று லாசரஸ் சார் கேட்டார். அப்புறம் யாரையோ கூட்டிவந்து எழுத்துருவை ஏற்றினோம். சரியாயிற்று என்று பார்த்தால் கதவு எண் தகராறு. இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. உன் புரோகிராம் ஒரே எண் இருந்தால் ஒரே குடும்பம் என்று சேர்த்துவிடுகிறது. பழைய பன்னிரண்டாம் நம்பர் ஸ்ரீநிவாசராகவன் மாமா வீட்டையும் புதிய பன்னிரண்டாம் நம்பர் மீன்கடை பேபி வீட்டையும் ஒரே குடும்பமாக ஆக்கி வைத்திருக்கிறது. மாமாவுக்குத் தெரிந்தால் வீட்டைக் கழுவிவிடுவார்.

பொது, பொது என்று எழுதியிருந்தாய். பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்திருக்கிறாயா நீ? அதே கதைதான். காலையில் டீச்சர் வார்டுப் பெண்கள், சாயங்காலம் நாங்கள். நாங்கள் திருத்தினதை அவர்கள் மாற்றிவிட்டார்கள் என்று இவர்கள், இவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று அவர்கள். லாசரஸ் சார் பாஸ்வேர்டு போட்டுவிட்டு வேளாங்கண்ணிக்குப் போய்விட்டார். இரண்டு நாள் நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். கிணற்றையும் மூடிவிட்டார்கள்.

கதவு எண்ணைச் சரி செய். இன்னொன்று, சீட்டின் அடியில் எந்த அறையில் ஓட்டு என்று ஒரு வரி வேண்டும். போன தேர்தலில் வயசானவர்கள் பள்ளிக்கூடம் முழுக்கச் சுற்றினார்கள்.

அக்கா

*

786
தம்மாம்
18.8.2006

அன்பு அக்காவுக்கு ஸலாம். சின்னவளுக்குக் காய்ச்சல் சரியானதில் சந்தோஷம். நான் சுகம்.

கோபப்படாதீர்கள். இங்கே உட்கார்ந்துகொண்டு எனக்கு எப்படிப் பழைய எண், புதிய எண் தெரியும்? வீட்டை விட்டு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இப்போது இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வைத்துவிட்டேன். ஸ்ரீநிவாசராகவன் மாமாவையும் பேபியையும் பிரித்துவிட்டேன்.

அறை எண்ணைப் பட்டியலின் கடைசிக் கட்டத்தில் அடியுங்கள். கடைசிக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அது சீட்டின் அடியில் வந்துவிடும். இன்னொரு நல்ல வசதியும் செய்திருக்கிறேன். உங்களுக்கு வேண்டிய புதுக் கட்டங்களை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் எனக்கு எழுதி, நான் சி.டி. போட்டு, ஆள் பிடித்து அனுப்ப வேண்டியதில்லை. இரண்டு ராத்திரி கண் விழித்து அதைச் செய்தேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதலாம்.

மச்சானைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீங்கள் பதில் எழுதவில்லை.

தம்பி

*

786
மேற்குத் தாம்பரம்
8.9.2006

தம்பிக்கு அக்காவின் ஸலாமும் துஆவும். எல்லாரும் சுகம். இதைப் பெருங்களத்தூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். தபாலைவிடச் சீக்கிரம் வரும் என்றார்.

நன்றாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதுமா? நிஜமாகவே நன்றாக இருக்கிறது. கதவு எண் சரியாயிற்று, அறை எண் எல்லாம் அடித்து முடித்தாயிற்று. லாசரஸ் சார்கூட "உங்க பிரதர் ஸ்மார்ட்தான்" என்றார். அவரே கடைசியில் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார். ஒவ்வொரு வீட்டுக்கும் போய் வந்ததும் அந்த ஆள் எப்படி, நமக்குப் போடுவாரா என்று ஒரு வரி அடித்து வைக்க. திரும்பப் போகிறவர்களுக்கு உதவியாக இருக்கிறது. எங்கள் வார்டுக்கு நான்தான் எழுதுகிறேன். அலைந்து அலைந்து வந்த எரிச்சலையெல்லாம் அதில் கொட்டுகிறேன். மீன்கடை பேபிக்கு, "எல்லாரிடமும் சரி என்பார்." ரயில்வேயில் ரிட்டயரான வேதாசலம் சாருக்கு, "பேச விட்டால் மணிக்கணக்கு, ஓட்டு கட்சிக்குத்தான்." ஸ்ரீநிவாசராகவன் மாமாவுக்கு, "ஓட்டுப் போடப் போகமாட்டார், யார் ஜெயித்தாலும் திட்டுவார்." என் நாத்தனார் அஜீசாவுக்கு, "சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துவார்." படித்துப் படித்துப் பெண்கள் சிரிக்கிறார்கள். இந்த மூன்று மாதத்தில் அந்த ஒரு கட்டத்தில்தான் எனக்கு நிம்மதி.

மச்சானைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். சொல்கிறேன். அவர் ஒரு தெருவுக்குக்கூட என்னோடு வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றால் சண்டை போடலாம். சாப்பிடுகிறார், "உப்பு கம்மி" என்கிறார், எழுந்து போகிறார். ஊரில் எத்தனை பேர் போட்டாலும் எனக்கு அந்த ஒரு ஓட்டு வேண்டும், அக்தர். பதினான்கு வருஷம் குடித்தனம் செய்தவர் எனக்குப் போடுவாரா மாட்டாரா என்று தெரியாமல் நான் எந்த முகத்தோடு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது? பட்டியலில் அவர் பெயர் வந்தபோது கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தேன். பிறகு உண்மையையே எழுதினேன்.

நோன்பு வருகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

786
தம்மாம்
26.9.2006

அன்பு அக்காவுக்கும் மச்சானுக்கும் ரமலான் வாழ்த்துக்கள். நான் சுகம். இங்கே நோன்பு தொடங்கிவிட்டது. கஞ்சி கிடைக்காததுதான் குறை.

நீங்கள் ஆளிடம் கொடுத்ததாகப் போனில் சொன்ன கடிதம் இன்னும் வரவில்லை. அந்தப் பெருங்களத்தூர்க்காரர் லீவை நீட்டித்துவிட்டாராம். அவசரமாக ஏதாவது எழுதியிருந்தால் மறுபடி எழுதுங்கள். இல்லையென்றால் எல்லாம் சரியாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். நானும் சோதித்துப் பார்த்துவிட்டேன். சீட்டு அழகாக வருகிறது.

அவசரத்தில் முடிக்கிறேன், வண்டி வந்துவிட்டது.

தம்பி

*

786
மேற்குத் தாம்பரம்
7.10.2006

தம்பிக்கு ஸலாம். நோன்போடு தெருத்தெருவாகப் போகிறேன். தொண்டை வறண்டு பேச்சே வரமாட்டேன் என்கிறது. மற்றபடி சுகம். அவசரமாக எழுத ஒன்றும் இல்லை, புரோகிராம் ஓடுகிறது.

சின்னம் கொடுத்துவிட்டார்கள். சீலிங் ஃபேன். எலக்ட்ரிகல் கடைக்காரர் மனைவிக்கு ஃபேன் சின்னம். பெண்கள் எல்லாரும் அல்லாஹ் கொடுத்தது என்றார்கள். கடை வாசலில்தான் வரிசையாக ஃபேன் தொங்குகிறதே, போஸ்டரே வேண்டாம் என்று பேசிக்கொண்டே கடைப்பக்கம் போனோம்.

உன் மச்சான் ஸ்டூல் போட்டு ஏறி ஒவ்வொரு ஃபேனாகக் கழற்றி உள்ளே வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?" என்றேன். கூட ஏழெட்டுப் பெண்கள் நிற்கிறார்கள்.

"எலக்ஷன் ரூல்ஸ் இருக்கு. அப்புறம் நோட்டீஸ் வுடுவான்" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

ரூல்ஸாவது மண்ணாவது. இவருக்குப் பழைய கவுன்சிலரிடம் பயம். வாய் திறந்து "பயமா இருக்கு ஷாயிஸ்தா" என்று சொல்லியிருந்தால் நானே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அத்தனை பேர் முன்னால் நான் செத்துப்போய்விட்டேன். பெண்கள் அடுத்த தெருவுக்கு நடந்தார்கள்.

சீட்டு அடிக்கத் தொடங்கிவிட்டார் லாசரஸ் சார். முதலில் எங்கள் வார்டு, பிறகு டீச்சர் வார்டு. துஆ செய்.

அக்கா

*

786
மேற்குத் தாம்பரம்
20.10.2006

அக்தருக்கு அக்கா எழுதுவது. நீ சுகமாக இரு. நான் சுகமில்லை.

தோற்றுவிட்டேன். நாலாவது இடம். அதைச் சொல்ல இந்தக் கடிதம் இல்லை.

உன் சீட்டின் கடைசி வரி என்ன அடித்தது தெரியுமா? அறை எண்ணை அடிக்கவில்லை. லாசரஸ் சார் சேர்த்த கட்டத்தில் நான் எழுதி வைத்ததை அடித்தது. ஒவ்வொரு ஆளின் சீட்டிலும், பெயருக்குக் கீழே, அவரைப் பற்றி நான் எழுதியது. அடித்து, வெட்டி, தெருவாரியாகக் கட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். பெண்கள் விடியற்காலையில் எடுத்துக்கொண்டு ஓடிப்போய் வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டார்கள். பொடி எழுத்து, யாரும் பார்க்கவில்லை. நான் ஸஹர் சாப்பாட்டை முடித்துவிட்டு வேறு தெருவில் இருந்தேன்.

முதலில் வந்தது பேபி. "இன்னாக்கா, எல்லார்கிட்டயும் சரின்னு சொல்றவளா நானு? மீன் விக்கிறவ சரின்னு சொல்லாம இன்னா சொல்லுவா? வூடு வூடா சீட்டு குடுத்து மானத்த வாங்கிக்கினு கீறியே" என்று வாசலில் நின்று கத்தினார். அடுத்து அஜீசா. சிரித்துக்கொண்டுதான் வந்தார். "கதவ சாத்தல பாரு, உள்ள வந்து உக்காந்திருக்கேன்" என்று உட்கார்ந்து, ஓவென்று அழுதார். அதற்குப் பிறகு வரிசை. சீட்டும் கையுமாக. அடித்தது கம்ப்யூட்டர் என்றேன். "கம்ப்யூட்டருக்கு இப்படி வாய் இருக்காதும்மா, இது உன் வாய்தான்" என்று ஒரு அம்மா சொன்னார்.

டீச்சர் வார்டுச் சீட்டுகள் அதுவரை போகவில்லை. எங்கள் கூத்தைப் பார்த்துவிட்டு அதையெல்லாம் நிறுத்தி மறுபடி அடித்தார்கள். டீச்சர் ஜெயித்துவிட்டார். லாசரஸ் சார் என்னிடம் வந்து, "நல்லவேளை சிஸ்டர், உங்க வார்ட் ஃபர்ஸ்ட் போச்சு" என்றார். ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னார்.

ஓட்டுப்பதிவு அன்று நோன்பு திறக்க உட்கார்ந்தோம். உன் மச்சான் கஞ்சிக் கிண்ணத்தை இடது கையில் பிடித்திருந்தார். விரலைப் பார்த்தேன். மை இல்லை. எனக்கு வேண்டாம், யாருக்காவது போட்டிருக்கலாம். போகவே இல்லை. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் கஞ்சி வேண்டுமா என்று கேட்டேன்.

ஷாயிஸ்தா

*

786
மேற்குத் தாம்பரம்
19.11.2006

அக்தருக்கு ஸலாம். பிள்ளைகள் சுகம்.

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பெருநாளைக்குப் போன்கூட இல்லை. திட்டி எழுதினேன், உண்மைதான். திட்டாமல் மாலை போடச் சொல்கிறாயா? நீயும் உன் மச்சானைப் போல ஆகிவிட்டாயா? இந்த வீட்டில் ஒரு ஊமை போதும்.

மெட்டில்டா டீச்சர் பதவி ஏற்றுவிட்டார். மக்கள் குறைகளைப் பதிந்து வைக்க உன் புரோகிராமையே மாற்றித் தரச் சொல்லி என்னிடம் கேட்டனுப்பியிருக்கிறார். நான் போய்ச் சொல்லித் தர வேண்டுமாம். கோபத்தில் முடியாது என்றேன். பேபி இன்னும் எனக்கு மீன் விற்பதில்லை.

உடம்புக்கு ஒன்றுமில்லையே? அதையாவது எழுது.

அக்கா

*

786
மேற்குத் தாம்பரம்
26.11.2006

தம்பி அக்தருக்கு மச்சான் ஹாஜா மைதீன் எழுதுவது. நலம். உன் நலத்தை அறிய ஆவல். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. சரக்குக்கு ஆர்டர் எழுதுவேன், அவ்வளவுதான்.

ஃபேனைக் கழற்றியதை அக்கா எழுதியிருப்பாள். அது உண்மை. பழைய கவுன்சிலர் கட்டுகிற வீடுகளுக்கெல்லாம் ஒயர், பைப் என் கடையிலிருந்துதான் போகிறது. சின்னம் கொடுத்த அன்று அந்த ஆள் வந்து, "இன்னா பாய், ஃபேன் நல்லா சுத்துதா?" என்று மட்டும் கேட்டான். எனக்கு அதற்கு மேல் தைரியம் இல்லை.

சீட்டு எனக்கும் வந்தது. ஒரு பெண் கடையில் கொடுத்துவிட்டுப் போனாள். "சொல்ல மாட்டார். உறுதியில்லை" என்று அடியில் இருந்தது. கோபம் வரவில்லை. அவள் தப்பாக ஒன்றும் எழுதவில்லையே. அதைப் படித்த பிறகுதான் அவளுக்குப் போட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஓட்டுப்பதிவு அன்று கடை திறக்கும் முன்பே போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் வேதாசலம் சார். தன் சீட்டைப் படித்துப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஆள் தங்கள் சீட்டைப் படித்தார்கள். திட்டுகிறவர்கள் திட்டினார்கள், சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள். வேதாசலம் சார் என் பக்கம் திரும்பி, "பாய், உங்களுக்கு வீட்ல இன்னா எழுதியிருக்காங்க? நல்லதாத்தான் இருக்கும், காட்டுங்க" என்றார். எல்லாரும் பார்த்தார்கள். நான் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டேன். பெண்டாட்டியே நம்பாத ஆள் என்று அவர்கள் படிக்கிறதை நான் எப்படி நின்று கேட்பது? கடைச் சாவியை மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வரிசையை விட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் வரை ஷட்டரை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தேன். திரும்பப் போகவில்லை.

நோன்பு திறக்கும்போது அவள் என் விரலைப் பார்த்ததை நான் பார்த்தேன். சொல்ல வாய் எடுத்தேன். கஞ்சி வேண்டுமா என்று கேட்டுவிட்டாள்.

நீ எழுதினால் அவள் படிப்பாள். நீயே எழுதிவிடு.

ஹாஜா மைதீன்

*

786
தம்மாம்
15.12.2006

அன்பு அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொண்டது. அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

உங்கள் செப்டம்பர் கடிதம் தேர்தல் முடிந்த பிறகுதான் என் கைக்கு வந்தது. "லாசரஸ் சார் கடைசியில் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்" என்று படித்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அப்போதே வந்திருந்தால் ஒரு போன் போதும், நிறுத்தியிருப்பேன். மறுநாளே நீங்கள் தோற்றதை எழுதிய கடிதமும் வந்தது. யாரும் எதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று பெருமையாகச் செய்து கொடுத்தவன் நான். சேர்த்தால் என்ன ஆகும் என்று யோசிக்காதவனும் நான்தான். அறை எண்ணை அடிக்கச் சொன்னேனே தவிர, அறை எண் கட்டம் என்று புரோகிராமுக்குச் சொல்லவில்லை. எழுத உட்கார்ந்தால் வெட்கமாக இருந்தது. அதனால் எழுதவில்லை.

இப்போது எழுதுவது அதற்காக இல்லை. மச்சான் ஓட்டுப் போடப் போனார். உங்களுக்குப் போடத்தான் போனார். வரிசையில் நின்றவர்கள் அவருடைய சீட்டைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அதில் நீங்கள் எழுதியதைக் காட்ட முடியாமல் திரும்பிவிட்டார். அவரே எனக்கு எழுதினார். அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நான் இதில் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை, குறைக்கவில்லை.

பக்ரீத் வாழ்த்துக்கள். டீச்சருக்குப் புரோகிராமை மாற்றித் தருகிறேன் என்று சொல்லுங்கள். சொல்ல விருப்பம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

தம்பி அக்தர்

*

786
மேற்குத் தாம்பரம்
6.1.2007

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஸலாம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. பிள்ளைகள் நீ அனுப்பிய சட்டையைப் போட்டுக்கொண்டார்கள். அளவு சரி.

இரண்டு கடிதத்தையும் படித்தேன். அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் ஆத்திரம் வந்தது. உன் மேல் இல்லை, அந்தப் பெட்டி மேலும் இல்லை. கஞ்சி வேண்டுமா என்று கேட்டேனே, அந்த வாயைத்தான் முதலில் கிழிக்க வேண்டும். வாக்காளர்களுக்கெல்லாம் மனசில் என்ன என்று எழுதி வைத்த நான், கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் விரலை நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவர் பார்த்தார், இரண்டு பேரும் கஞ்சி குடித்தோம்.

ஒரே வீட்டில்தானே இருக்கிறோம், அக்தர். அவர் சாப்பிட்ட தட்டை நான்தான் எடுக்கிறேன். என் செருப்பு அறுந்தால் அவர்தான் தைத்துக்கொண்டு வருகிறார். அந்த மனிதர் எனக்காக வரிசையில் போய் நின்றார் என்கிற செய்தி கூடத்திலிருந்து அடுப்படிக்கு வர, கடலைத் தாண்டித் தம்மாம் போய், உன் கையால் மறுபடி தபாலில் ஏறி, இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இதற்கு யார் என்ன புரோகிராம் எழுதுவது?

டீச்சருக்கு நாளை போய்ச் சொல்லித் தருகிறேன். பேபிக்கும் அஜீசாவுக்கும் நானே வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பேபி "சரி" என்றார். உண்மையான சரியா என்று தெரியவில்லை, எழுதி வைக்கவும் இல்லை.

இதை எழுதும்போது உன் மச்சான் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். உனக்கு எழுதுகிறேன் என்று தெரியும். என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. நான் இதை ஒட்டப்போவதில்லை. அவர் கையில் கொடுக்கப்போகிறேன். படித்துவிட்டு அவரே ஒட்டி அனுப்பட்டும். பதிலை அவர் என்னிடம்தான் சொல்ல வேண்டும்.

அக்கா ஷாயிஸ்தா

(கடிதத்தின் அடியில், வேறு கையெழுத்தில்)

அக்தருக்கு ஸலாம். படித்தேன். அக்கா ரொம்பக் கோபமாக இருக்கிறாள். அவள் சொல்வதெல்லாம் சரி, நான் சொல்லியிருக்க வேண்டும். இதை அவளுக்கு எழுதிவிடவும். ஹாஜா மைதீன்.